நத்தைகள் இருக்கட்டும்

மீன் தொட்டிக்கு மருந்து ஊற்ற வந்த கடைக்காரரை அவள் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"ஒரு நத்தையைக்கூடக் கொல்லக் கூடாது. நீங்க கிளம்புங்க."

"ஐயாதாம்மா ஃபோன் பண்ணி வரச் சொன்னாரு. இப்பவே ஒழிக்கலைன்னா கண்ணாடி முழுக்க அப்பிக்கும்."

"அப்பட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே அவள் கணவனுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"உனக்கென்ன பைத்தியமா?" எடுத்த எடுப்பிலேயே சீறினான் கணவன். "தொட்டியில நத்தை வந்திருக்குன்னு காலையில நீதானே சொன்னே?"

"சந்தோஷமாச் சொன்னேன். கொல்லச் சொல்லலையே."

"என் மீனைவிட உனக்கு நத்தை பெரிசாப் போச்சா? வழியை விடு!"

"விட மாட்டேன்."

"என் பேச்சுக்கு வீட்டுல மரியாதையே கிடையாதா?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் வழக்கமாக அவள் அடங்கிப்போவாள். இன்று ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"தொட்டியில மீனே இல்லீங்க. போன மாசம் மோட்டார் நின்னுபோய் எல்லாம் செத்துப்போச்சு. அன்னைக்கே சொன்னேன். செல்லைப் பார்த்துக்கிட்டே 'சரி, சரி'ன்னீங்க. தினமும் அந்தத் தொட்டிக்கு எதிர்லதான் உட்கார்ந்து காபி குடிக்கிறீங்க."

கடைக்காரர் மருந்து பாட்டிலை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இந்த வீட்டுல நான் கிட்டப் போனா தலையை நீட்டிப் பார்க்கிறது அந்த நத்தைங்க மட்டும்தான். அதுங்க மேல யாரும் கை வைக்க நான் விட மாட்டேன்."

அவன் பதிலுக்குக் காத்திராமல், முதல்முறையாக அவளே ஃபோனை வைத்தாள்.