பன்னிரண்டாவது எல்க்

யேசுரட்ணம் சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடிய கையோடு எல்க் வந்தது.

ஒரு நிமிடம் முந்தி வந்திருக்கலாம். பத்து நிமிடம் பிந்தியும் வந்திருக்கலாம். குதிரையைவிட உயரமான மானுக்கு நேரம் பார்க்கிற புத்தி எங்கே இருக்கப்போகிறது.

சபாரத்தினம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

யேசுரட்ணத்தின் செபத்தை இடையில் முறிப்பது ஒஸ்லோத் தமிழர் எவரும் துணியாத காரியம். பிறந்தநாள் வீடுகளில் அவர் சொல்லி முடிப்பதற்குள் மெழுகுதிரி உருகிக் கேக்குக்குள் இறங்கிவிடும். அப்போதும் ஒருவரும் மூச்சுவிடமாட்டார்கள். போன நத்தாருக்கு நடுவில் தும்மிய குற்றத்துக்காக, யேசுரட்ணத்தின் மனைவி புளோறன்ஸ் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சபாரத்தினத்தோடு கதைக்கவில்லை.

அதற்காக இன்றைக்குமா?

இன்றைய நாளில்தான் எல்லாமே தங்கியிருந்தது. புருசெத் ஓய்வூதியர் நடைக்குழுவில், மினுங்கும் மஞ்சள் வெஸ்ட் போட்டவர்தான் தலைவர். அந்த வெஸ்ட் ஆறு வருடமாகச் சபாரத்தினத்தின் உடம்பில் கிடக்கிறது. ஓஸ்ட்மார்க்கா காட்டில் பதினொரு தடவை எல்க் கண்டவர் என்ற தகுதிக்குக் கிடைத்த பதவி. மற்றப் பதினாறு பேரும் இந்த ஆறு வருடத்தில் அதன் வாலைக்கூடக் கண்டதில்லை.

போன புதன்கிழமைக் கூட்டத்தில் முறுமுறுப்பு எழுந்து, நிபந்தனையில் வந்து முடிந்தது. யேசுரட்ணம் பொய் சொல்லாத மனிதர். அவர் ஒருநாள் சபாரத்தினத்தோடு கூடப் போவார். அவருடைய கண்ணுக்கும் எல்க் தெரியவேண்டும். தெரியாவிட்டால் வெஸ்டைக் கழற்றவேண்டும்.

அந்தக் கண்கள் இரண்டும் இப்போது இறுக்கி மூடியிருந்தன.

காலையில் எல்லிங்ஸ்ருட்டில் ரயிலால் இறங்கி நாலு மணித்தியாலம் அலைந்திருந்தார்கள். ஒரு எறும்புப் புற்று, இரண்டு காகம், நாயோடு வந்த ஒரு நொர்வேஜியப் பெண்மணி. கண்டது அவ்வளவுதான். களைத்துப்போய்ப் பாறையொன்றில் எதிரெதிரே இருந்துகொண்டார்கள். நடுவில் புளோறன்ஸ் கட்டிக்கொடுத்த பெட்டி திறந்திருந்தது. பத்து இடியப்பம், மூலையில் சம்பல்.

எல்க் பின்னால் வந்து நின்று, யேசுரட்ணத்தின் தோளுக்கு மேலால் தலையை நீட்டியது.

செபம் அப்போதுதான் நோயாளிகளுக்கு வந்திருந்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வருத்தம் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

எல்க் முதலாவது இடியப்பத்தை எடுத்தது. பாறையில் வளரும் வெள்ளைப் பாசி என்று நினைத்ததோ என்னவோ. பிடித்துப்போய்விட்டது.

"கடைசியாக, ஆண்டவரே," என்றார் யேசுரட்ணம். அது முதலாவது கடைசி. "எனக்கு முன்னாலை இருக்கிற இந்த மனிசன்ரை மானத்தைக் காப்பாத்தும். ஒரேயொரு எல்க். சின்னனெண்டாலும் காரியமில்லை."

அது சின்னன் இல்லை.

மூன்றாவது இடியப்பத்தின்போது அதன் மூச்சு யேசுரட்ணத்தின் காதில் பட்டது. அவருடைய குரல் அப்படியே உருகிவிட்டது. முடியப்போன செபம் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கியது.

சபாரத்தினம் அசையவில்லை. ஃபோன் வெஸ்ட் பையில்தான் இருந்தது. கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

பத்தும் முடிந்தது. சம்பலை மணந்துபார்த்து விட்டுவிட்டது. பெட்டியை ஒருதரம் நக்கிவிட்டு, நிமிர்ந்து சபாரத்தினத்தைப் பார்த்தது. நீளமான இமைமயிர். அதில் ஒரு சிலந்திநூல் தொங்கியது. கண் சிமிட்டியபோது நூலும் எழுந்து விழுந்தது.

"ஆமென்" என்ற சொல் வருவதற்கும் அது பைன் மரங்களுக்குள் மறைவதற்கும் சரியாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளிகூட முறியவில்லை.

யேசுரட்ணத்தின் கண் கலங்கியிருந்தது. இன்றைக்குச் செபத்தில் யாரோ தனக்குப் பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது என்றார். நாற்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லையாம்.

பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"பத்தையும் சம்பல் தொடாமல் திண்டிருக்கிறீர், காணும். பெட்டியையும் நக்கியிருக்கிறீர்."

'எல்க் வந்தது, இவ்வளவு கிட்ட' என்ற வசனம் சபாரத்தினத்தின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் அதை அவர் ஏற்கெனவே பதினொரு தடவை பாவித்துவிட்டார். மற்றது, யேசுரட்ணத்தின் முகம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஓம். பசி தாங்கேலாமல் போச்சுது," என்றார்.

எழுந்து வெஸ்டைக் கழற்றி, மடித்து, அவருடைய மடியில் வைத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் யேசுரட்ணம் அவரைத் தேற்றிக்கொண்டே வந்தார். பதினொன்று கண்டவருக்கு ஒருநாள் தப்பினால் என்ன குறைந்துவிடும்? தான் ஒருநாளும் அந்தப் பதினொன்றையும் சந்தேகித்ததில்லை. கூட்டத்திலும் அதையே சொல்லப்போகிறார்.



அந்தப் பதினொரு எல்க்குக்கும் சபாரத்தினம் தன் கதைகளில் கொம்பு வைத்திருந்தார், உயரம் வைத்திருந்தார், ஒன்றுக்கு நொண்டல்கூட வைத்திருந்தார். இமைமயிர் வைக்கவேண்டும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.