கார் கண்ணாடியும் இரண்டு துணிகளும்

ஒரே பழைய பருத்திச் சேலையைக் கிழித்து எடுத்த இரண்டு துணிகள் ஒரு கார் கொட்டகையில் இருந்தன. அக்கா ஈரத்துணி, தங்கை காய்ந்த துணி. தினமும் காலையில் அக்கா கார் கண்ணாடியைத் துடைப்பாள். கோடு கோடாய்த் தடம் விழும். பின்னாலேயே தங்கை வந்து துடைத்ததும் கண்ணாடி பளபளக்கும்.

"அழுக்காக்குறதே நான்தான்" என்று அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒருநாள் வாளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அன்று தங்கை தனியாகத் துடைக்க வேண்டியதாயிற்று. காய்ந்த மண் கண்ணாடியில் கரகரவென்று உரசியது.

"மெதுவா. வலிக்குது" என்றாள் கண்ணாடி.

தங்கை பதறிப்போய் அக்காவைத் தேடி வந்தாள். "நீ மண்ணை எடுத்தாத்தான்க்கா நான் அவளைத் தொடவே முடியும். வா."

"மறுபடியும் கோடு விழுமேடி."

"விழட்டும். நான் பின்னாலேயே வர்றேன்ல?"

அக்கா தண்ணீரில் முங்கி எழுந்து, கண்ணாடியை மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்தாள். தங்கை ஒட்டியே வந்தாள். எதிரே இருந்த வேப்பமரம் இலை இலையாகக் கண்ணாடியில் தெரிந்தது.

"சுத்தமாத்தான் இருக்கேன்" என்றாள் கண்ணாடி. "ஆனாலும் இன்னொரு தடவை துடைச்சுட்டுப் போங்களேன்."

இந்த முறை தங்கை கூப்பிடாமலே அக்கா முன்னால் போனாள்.