பழகத் தெரியாதவர்

“தப்பு. மறுபடியும் மொதல்லேருந்து சொல்லுங்க” என்றாள், பயிற்சி கொடுக்கும் பெண்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு முகம் சுண்டிப்போனது. காது கேட்கும் கருவி தயாரிக்கும் அந்தப் பட்டறையில் சேர்ந்து ஒரு மாதம்தான். அதற்குள் ‘இவருக்கு யாரோடும் பழகத் தெரியவில்லை’ என்று முதலாளியம்மா வரை புகார் போய்விட்டது. இந்தப் பயிற்சியில் தேறாவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ஆள் நல்லவர், சூது வாது கிடையாது. எதிரில் இருப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதுதான் மண்டையில் ஏறாது.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வகுப்பு நடந்தது. பட்டறையின் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்த அவள், பேனா மூடியைத் திருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பார்த்தே கேள்வி கேட்டாள்.

“பேக்கிங் அண்ணன் மனசு உடைஞ்சு நின்னப்போ என்ன பண்ணீங்க?”

“தோளைத் தட்டிக் குடுத்தேன். அலறிட்டார்.”

“தொடலாமான்னு கேட்டீங்களா?”

“இதையெல்லாமா கேப்பாங்க?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சரி, சாலிடர் வைக்கிறவர் கதைக்கு வாங்க.”

“ஒரு நாள் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லியிருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்து நின்னார்.”

“ரெண்டு பஸ் மாறி, கையில பழத்தோட. நீங்க?”

“கதவைத் தொறந்து... என்ன விஷயம்னு கேட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

“எனக்கு வரலம்மா. சின்ன வயசிலேருந்து இப்படியே இருந்துட்டேன். அவங்க சொல்றது எனக்குப் புரியல, நான் சொல்றது அவங்களுக்குப் புரியல.”

“புரியலைன்னா கேக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போங்க. போய் மன்னிப்புக் கேளுங்க. முதலாளியம்மாகிட்ட இன்னும் ஒரு வாரம் டைம் நான் வாங்கித் தரேன்.”

“நானா? அவர் வீட்டுக்கா?” அவருக்குச் சட்டென்று ரோஷம் வந்துவிட்டது. “வாங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா! எல்லாரும் சொல்றதுதானே? அதைப் போய் நிஜம்னு எடுத்துக்கறதா?”

பேனா மூடி நின்றது. எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்த கோபம் அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.

“இங்க வேலை செய்யற எங்க ஆறு பேருக்கும் இருக்கறதுக்கு ஆட்டிசம்னு பேரு வச்சாச்சு” என்றாள். “உங்களுக்கு இருக்கறதுக்கு என்ன பேரு, மேனேஜர் சார்?”