செடி மட்டும்தான்

"தொட்டி மேல எதையாவது போத்துங்க, ஓனர் இறங்கி வர்றாரு" என்றாள் மனைவி.

தையல்காரர் கையில் பாதி தைத்த திரைச்சீலை இருந்தது. அதை ஊசியோடு அப்படியே மீன்தொட்டியின் மேல் போட்டார்.

'வளர்ப்புப் பிராணி கூடாது' என்ற நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டுத்தான் இந்தக் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார்கள். மீறினால் காலி செய்ய வேண்டும். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மீனும் பிராணியில் சேர்த்தியா என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆனால் அவர் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை.

ஓனர் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி வந்தார். உட்கார்ந்ததும் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"இங்கேருந்து தண்ணி சத்தம் கேக்குதாம். பாத்துட்டு வாங்கன்னு வீட்ல அனுப்பினாங்க."

"குழாய் சொட்டுது சார்" என்றாள் மனைவி.

ஓனர் எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கினார். மணல், செடிகள், ஒரு மரக்கட்டை. மணல் நிறத்துக் குட்டிக் கெளுத்திகள் கட்டைக்குப் பின்னால் பம்மியிருந்தன.

"செடி மட்டும்தான் சார்" என்றார் தையல்காரர். "பச்சையா பாத்தா கண்ணுக்கு நல்லதாம்."

ஓனர் தொட்டி முன்னால் குந்தினார். அடித்தரையே கதி என்று கிடக்கும் இந்த மீன்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். 'கொஞ்ச நேரம் அடக்கிக்கங்கடா' என்று தையல்காரர் மனதுக்குள் கெஞ்சினார்.

ப்ளக்.

"செடிக்கு மூச்சு முட்டுது போல" என்றார் ஓனர்.

"மோட்டார் குமிழி சார்."

"மணல் நைசா இருக்கே. பருமணல் போடலையா?"

"பருமணல் மீசையை அறுத்துடும்..." தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"செடிக்கு ஏதுங்க மீசை?"

"அவரு தன்னோட மீசையைச் சொல்றாரு சார்" என்று மனைவி பாய்ந்து வந்து காப்பாற்றினாள்.

மழமழவென்று சவரம் செய்த மேலுதட்டைத் தையல்காரர் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். மீன்தான். காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். இதுங்களைப் பிரிக்க மட்டும் சொல்லாதீங்க. ஒத்தையா விட்டா தீனியைத் தொடாதுங்க."

"தெரியும். மூலையைப் பாத்தே கிடக்கும்."

ஓனர் துணிப்பையின் வாயைப் பிரித்தார். உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை. அதன் அடியில் மீசை தொங்க ஓர் ஒற்றைக் கெளுத்தி.

"மத்ததையெல்லாம் வீட்ல கண்டுபிடிச்சுக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. இது ஒண்ணை மட்டும் வாளியில ஒளிச்சு வச்சிருந்தேன். உங்க கூட்டத்துல சேத்துக்கங்க, புண்ணியமாப் போகும்."

மாடியிலிருந்து ஓர் அதட்டல் கேட்டது. "என்னங்க, கீழ என்னதான் வளக்கறாங்க?"

ஓனர் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்துத் தொட்டியை மூடினார்.

"செடி மட்டும்தாம்மா."