ஒரு கலசம் குறைகிறது

பலிபீடத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு கை அகலத்துக்குத் தகடு எட்டவில்லை.

கொல்லன் இழுத்துப் பார்த்தான். ம்ஹூம்.

காலையிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறான். இருநூற்று ஐம்பது வெண்கலத் தூபகலசங்கள். எல்லாவற்றையும் தகடாக்கிப் பலிபீடத்தை மூட வேண்டும் என்பது உத்தரவு.

நேற்று அவற்றை ஏந்தியவர்கள் இருநூற்று ஐம்பது பேர். சபை முழுவதுமே புனிதம்தானே, தூபம் காட்டும் உரிமை ஒரே வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டவர்கள். கேட்ட கையோடு கலசத்தில் நெருப்பைப் போட்டுக்கொண்டு கடவுள் உறையும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் வந்து நின்றார்கள். கடவுளின் முன்னிலையிலிருந்து தீ புறப்பட்டது. புதைக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

கலசங்கள் மிஞ்சின.

கடவுளின் முன் ஏந்தப்பட்டவை, ஆகவே அவை புனிதம் என்றார்கள். ஏந்தியவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவர்களில் ஒருவன் அவனுடைய தம்பி ஏலோன். வாய்த்துடுக்குக்காரன். ஆனால் சொன்னால் சொன்னபடி போய் நிற்பவன்.

தனக்கொன்று, தம்பிக்கொன்று என்று ஒரே அச்சில் இரண்டு கலசம் வார்த்தவன் இவன்தான். நேற்று விடிந்ததும் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டான். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

ஏலோன் கோபப்படவில்லை. குனிந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"படுத்துக்கோண்ணே. உனக்கும் சேர்த்து நானே ஏந்திக்கிறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

காலையில் கலசங்களைக் குவியலாகக் கொண்டுவந்து கொட்டியபோது, பிடியைப் பார்த்ததுமே தம்பியுடையது எது என்று தெரிந்துவிட்டது. அதை மட்டும் எடுத்துத் துருத்திக்குக் கீழே மணலில் புதைத்தான். தம்பி மனைவி மில்கா கேட்டிருந்தாள். "புதைக்கிறதுக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும் அத்தான்." கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். நேற்றிலிருந்து அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை.

இப்போது மூலை குறைகிறது.

சற்றுத் தள்ளி, சாம்பலுக்குள் கைவிட்டுக் கலசங்களைப் பொறுக்கிய, தூபம் காட்டும் அந்த வீட்டு ஆசாரியன் நின்றுகொண்டிருந்தான். சின்ன வயது. விரல்களில் கொப்புளம்.

கொல்லன் தன் கூடாரத்துக்கு ஓடிப்போய்த் தன்னுடைய கலசத்தைக் கொண்டுவந்தான். அதே அச்சு. அதே எடை.

ஆசாரியன் வாங்கி, உட்புறத்தைத் தடவினான். விரல் சுத்தமாக வந்தது.

"இதுல நெருப்பு விழுந்ததே இல்லையேப்பா."

கடிந்துகொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கொல்லனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, மில்காவின் முகத்தை நினைக்கப் பயமாக இருந்தது. மணலுக்குள் இருப்பதைக் கொடுத்துவிட்டால் வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கொடுக்காவிட்டால், எந்த இடத்துக்காக ஏலோன் செத்தானோ, அந்த இடத்தில் அவனுக்குக் கை அகலம்கூட இருக்காது.

மணலைத் தோண்டினான்.

கலசம் கரி படிந்து வந்தது. அவன் துடைக்கவில்லை.

ஆசாரியன் பார்த்தான். இருநூற்று ஐம்பதையும் பொறுக்கியவனுக்கு ஒன்று குறைவது தெரியாமலா இருந்திருக்கும்? இவ்வளவு நேரம் அவன் ஏன் கேட்கவில்லை என்பது இவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இடுக்கியை எடுத்துக் கலசத்தின் மறு ஓரத்தை ஆசாரியனே பிடித்துக்கொண்டான்.

கொல்லன் தட்டினான். மற்றவற்றைவிட மெல்லிசாக, கை ஓயும்வரை தட்டினான். தகடு விரிந்தது. மூலை மூடியது.

சாயங்காலம் பலிபீடத்தின் மேல் ஏறிய ஆசாரியன் பலி இரத்தத்தை முறைப்படி தென்கிழக்கு மூலையில்தான் பூசத் தொடங்கினான். கொப்புளம் கண்ட விரல் முதலில் அங்கே பட்டது. கூட்டத்துக்குப் பின்னால் மில்கா நின்றிருந்தாள். கொல்லன் அந்த மூலையைக் கண்ணால் காட்டினான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கூடாரத்துக்குத் திரும்பிப் போனாள்.

அவன் பட்டறைக்கு வந்தான். உலையில் இன்னும் கங்கு இருந்தது. தன் கலசத்தை எடுத்து அதில் நான்கு கங்கு போட்டான்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மில்காவின் அடுப்பை நோக்கி நடந்தான்.

சுட்டது. கீழே வைக்கவில்லை.