பம்ப் பார்க்க வந்தவர்

மெக்கானிக் பெட்டியைக் கட்டி முடித்து, லாட்ஜ் வரவேற்பறையில் முள்மேல் உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்துக்குப் போகக் கார் இன்னும் வரவில்லை.

அந்த நாட்டில் ஆட்சி நேற்று ஒருவர் கையில், இன்று ஒருவர் கையில். நாளை யார் என்று கேட்டால் வாசல் காவலாளியே உதட்டைப் பிதுக்கினான்.

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

புறப்படும்போதே மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கூட்டத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது. சீருடைக்காரர்கள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட வேண்டும். மனைவி சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

அவள் சொல்ல மறந்ததை எல்லாம் லாட்ஜின் வரவேற்புப் பெண் பார்த்துக்கொண்டாள். முதல் நாளே தெருப்பக்கத்து அறையை மாற்றிப் பின்பக்கம் கொடுத்தாள். சாப்பாட்டை அறைக்கே அனுப்பினாள்.

நேற்று மாலை அவர் பேஸ்ட் வாங்கப் படியிறங்கியபோது, கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் திருப்பி அனுப்பினாள். பெரிய தெருவில் ஊர்வலமாம். பேஸ்ட்டைத் தன் கைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். கூடப் பிறந்த தங்கைகூட இவ்வளவு செய்வாளா என்பது சந்தேகம்தான்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு கிளம்பலாமென்றால் காலையிலிருந்து ஆளையே காணோம்.

கடைசியில் வந்தாள். இடது கண்ணை மூடிப் பெரிய கட்டு. கன்னம் வீங்கி முகமே மாறியிருந்தது.

அவர் பதறி எழுந்தார். "என்னம்மா ஆச்சு?"

"நேத்து நீங்க வெளிய போகாதது எவ்வளவு நல்லதாப் போச்சு, சார்" என்றுதான் ஆரம்பித்தாள்.

வேலை முடிந்ததும் அவளும் ஊர்வலத்துக்குப் போயிருக்கிறாள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சும் வண்டி வந்திருக்கிறது. யாரும் அசையவில்லை.

"அந்த ஓட்டை வண்டிதானேன்னு நின்னுட்டோம், சார். போன மாசமெல்லாம் அது அடிச்சா துணிதான் நனையும். சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவோம். நேத்து அதுக்கு என்ன பேய் புடிச்சுதோ, ஆளையே தூக்கி அடிக்குது!"

பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லையாம். லீவு சொல்ல வந்தவள், அவர் கிளம்பும் நாளாயிற்றே என்று வழியனுப்ப நின்றிருக்கிறாள்.

மெக்கானிக் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நேற்று மதியம்வரை அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் அவர்தான். பம்ப்பில் தேய்ந்ததை மாற்றினார், கசிந்ததை அடைத்தார். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை போட்ட வண்டி எதற்கு என்று கேட்க அவரென்ன பச்சைக்குழந்தையா?

பிரஷரை இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று சீருடைக்காரர் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு நிற்காமல், கேட்டதற்கு மேலேயே ஒரு சுற்று முடுக்கிவிட்டார். கைதேர்ந்த வேலை என்று முதுகில் தட்டினார்கள். தட்டியது அவருக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது அதை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என் கதை கிடக்கட்டும் சார். என்ன வேலையா வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்லையே?"

வாசலில் ஹாரன் கேட்டது.

"தீயணைப்பு வண்டிக்கு பம்ப் பார்க்க வந்தேம்மா."

அவள் முகம் அந்த வீக்கத்திலும் மலர்ந்தது.

"புண்ணியமான வேலை சார்" என்றபடி அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். "இருங்க, தெரு காலியா இருக்கான்னு நான் முதல்ல பாத்துட்டு வர்றேன்."