பூஜ்யத்துக்குக் கீழே

லேக் மார்க்கெட் மாடியறையில் வெல்னஸ் கோச்சுகளுக்கான வகுப்பு நடக்கிறது. இந்தப் பயிற்சி உரையாடலில் மதுவந்திதான் கோச். எதிர்நாற்காலியில் சாவித்ரி, சர்க்கரை நோயால் கால்விரலை இழந்த தன் கணவராக நடிக்கிறாள். அவள் கையிலிருக்கும் மண்கோப்பைத் தேநீரில் ஆடை படிந்திருக்கிறது. "மாமா, சாப்பாட்டை மாத்திக்க எவ்ளோ தயாரா இருக்கேள்? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கோ." "பூஜ்யம்." மதுவந்தி தாளைப் பார்க்கிறாள். எந்த எண்ணைச் சொன்னாலும் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி அதில் அச்சாகியிருக்கிறது. "ஏன் அதைவிடக் கொறச்சலா சொல்லலை?" அறையே சிரிக்கிறது. கீழே ஓர் ஆட்டோக்காரர் "கடியாஹாட், கடியாஹாட்" என்று போகும் இடத்தைச் சொல்லிக் கூவுகிறார். சாவித்ரி மட்டும் சிரிக்கவில்லை. இதுவரை கனமாக வைத்திருந்த குரல் அவளுடையதாகிவிடுகிறது. "அதுக்குக் கீழே நம்பர் இருக்குன்னு அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பார்."